பியானோ ட்ரியோ கச்சேரிக்கு மகளோடு போகலாமா? ஒன்றும் தெரியாதவள் கேட்கிறேன்

வெள்ளவத்தைக்காரி எழுதியது:

வணக்கம். தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

மகளுக்குப் பத்து வயது. இரண்டு வருடமாகப் பியானோ பழகுகிறாள். பியானோ இருப்பது ரீச்சர் வீட்டில், எங்கள் வீட்டில் இருப்பது என் தம்பி லண்டனில் இருந்து வரும்போது காவிக்கொண்டு வந்த பழைய கீபோர்ட். போன கிழமை ரீச்சர் இரண்டு ரிக்கெட்டைக் கையில் தந்து, சனிக்கிழமை கொழும்பு 7இல் ஓர் இசைப்பள்ளி மண்டபத்தில் பியானோ ட்ரியோ இருக்கிறது, பிள்ளையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். சரி சரி என்று வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது.

நான் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம் வரை வாய்ப்பாட்டு எடுத்தவள். அதற்குப் பிறகு கல்யாணம், வேலை, பிள்ளை என்று போய்விட்டது. சரஸ்வதி மண்டபத்தில் கச்சேரி என்றால் எங்கே தலையாட்டுவது, எங்கே தாளம் போடுவது, எந்த நேரம் மெல்ல எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம் என்பதெல்லாம் தெரியும். இது அப்படியில்லை. முன்பு ஒருமுறை அலுவலக ஆட்களோடு இப்படி ஒரு கச்சேரிக்குப் போய், முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினேன். மண்டபம் முழுக்க என் கை மட்டும்தான் கேட்டது. முன் வரிசையில் இருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

நிகழ்ச்சித் தாளில் போட்டிருப்பது: ஹைடன் ஜி மேஜர் ட்ரியோ, பீத்தோவன் டி மேஜர் 'கோஸ்ட்', இடைவேளைக்குப் பிறகு மெண்டல்சன் டி மைனர். மூன்று பேர், மூன்று வாத்தியம் (பியானோ, வயலின், பிறகு வயலினைவிடப் பெரிதாக, முழங்காலுக்கு நடுவில் வைத்து வாசிக்கிற செலோ), மிருதங்கம் கிடையாது, பாட்டும் கிடையாது. என்னத்தைக் கேட்பது? பிள்ளை அலுத்துப்போய் நெளியத் தொடங்கினால் என்ன செய்வது? என்ன உடுத்திக்கொண்டு போவது? போனவர்கள் யாராவது சொல்லுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை, அவருக்குச் சனிக்கிழமை கிரிக்கெட்.

மழைக்குருவி எழுதியது:

அக்கா, யோசிக்காமல் போங்கள். என் மகனை ஏழு வயதில் கூட்டிக்கொண்டு போனனான், உயிரோடுதான் திரும்பி வந்தோம்.

கை தட்டுவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ட்ரியோவும் சில மூவ்மென்ட்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கும், நடுவில் ஒரு சின்ன மௌனம் வரும், யாராவது இருமுவார்கள், அப்போது தட்டக்கூடாது. உங்கள் நிகழ்ச்சியில் ஹைடனுக்கு மூன்று, பீத்தோவனுக்கு மூன்று, மெண்டல்சனுக்கு நாலு. மகளிடம் விரலில் எண்ணச் சொல்லுங்கள், பிள்ளைகள் இந்த மாதிரி வேலையை நம்மைவிடப் பொறுப்பாகச் செய்வார்கள். அதுவும் தவறினால் வயலின்காரரின் வில்லைப் பாருங்கள். வில் கீழே இறங்கி, மூன்று பேரும் எழும்பினால்தான் முடிந்தது. இன்னொன்று, இந்தச் சட்டமெல்லாம் பிறகு வந்தது. 1778இல் பாரிஸில் மோட்சார்ட்டின் ஒரு சிம்பொனியை வாசிக்கும்போது ஆட்கள் முதல் மூவ்மென்ட் முடிய முதலே, நடுவிலேயே கை தட்டினார்கள் என்று அவரே அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் சந்தோஷமாகச் சொல்கிறார். ஆகவே திரும்பிப் பார்த்த அந்த அம்மாவை மறந்துவிடுங்கள்.

மேடையைப் பார்த்து இருக்கும்போது உங்கள் இடது கைப் பக்கமாக இடம் பிடியுங்கள். அங்கே இருந்தால்தான் பியானோக்காரரின் விரல் தெரியும், வலது பக்கம் போய் இருந்தால் பியானோவின் கறுப்புப் பலகைதான் தெரியும். நடைபாதை ஓரம் இருந்தால் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு போவதும் சுகம். சாதாரண சேலை, சுரிதார் எதுவும் சரி. ஏசி குளிருக்கு ஒரு சால்வை கட்டாயம். பிந்திப் போகாதீர்கள், ஒரு ட்ரியோ தொடங்கிவிட்டால் அது முடியும்வரை கதவைத் திறக்க மாட்டார்கள். மழை பெய்தால் கறுவாத்தோட்டத்துக்குள் ஓட்டோ பிடிப்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான், போகும்போதே திரும்பி வருவதற்கும் யாரையாவது பேசி வையுங்கள்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் எழுதியது:

மிருதங்கம் இல்லாத கச்சேரி உப்பில்லாத கஞ்சி. அதற்குச் சேலை கட்டிக்கொண்டு கொழும்பு 7க்கு வேறு போக வேண்டுமா? நம் பிள்ளைகளுக்கு நம் சங்கீதமே ஒழுங்காக வருவதில்லை. அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் விளங்கித்தான் கேட்கிறார்கள் என்று நினைக்கிறீர்களா? இடைவேளையில் இங்கிலீஷ் கதைக்கத்தான் வருகிறார்கள்.

நாலுகம்பி எழுதியது:

கொட்டாஞ்சேனை அண்ணை, இடைவேளை விஷயத்தில் உங்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் நம் சபாக்களிலும் பாதிப் பேர் கன்ரீன் வடைக்குத்தானே வருகிறார்கள். கொழும்புக்கு இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. லயனல் வென்ட் அரங்கம் யார் பெயரில் இருக்கிறது? 1944இல் இறந்துபோன அந்த மனிதர் புகைப்படக்காரர் மட்டுமில்லை, பியானோக்காரர். இலங்கை சிம்பொனி இசைக்குழு 1958இல் இருந்து இருக்கிறது.

சரி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். நான் முதலில் நம் வயலின் படித்தவன், தரையில் சம்மணம் கட்டி, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து. இருபத்தைந்து வயதுக்குப் பிறகுதான் நிமிர்ந்து இருந்து நாடியில் வைத்து வாசிக்கும் முறையைப் பழகினேன். இரண்டு பக்கமும் இருந்தவன் என்ற முறையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: அன்றைக்கு முழுக்கச் செலோவைக் கேளுங்கள். வயலினும் பியானோவும் தானாகக் காதில் விழும், அவற்றை விட்டுவிடுங்கள்.

ஏன் என்றால் உங்கள் நிகழ்ச்சியை யார் தெரிந்தார்களோ, தெரிந்துதான் அடுக்கியிருக்கிறார்கள். ஹைடனின் அந்த ஜி மேஜர் ட்ரியோ 1795இல் எழுதியது, லண்டனில் அவரிடம் பியானோ படித்த ரெபெக்கா ஷ்ரோட்டர் என்ற விதவைக்குச் சமர்ப்பணம். அந்தக் காலத்துப் பியானோவுக்குக் கீழ்ஸ்தாயியில் சத்தம் போதாது, மெலிந்த வாத்தியம். ஆகவே பியானோவின் இடது கை வாசிப்பதையே செலோ கூடவே இழுத்துக்கொண்டு போகும், நம் கச்சேரியில் பாட்டுக்காரருக்குப் பின்னால் இருக்கிற தம்புராவைப்போல என்று சொல்ல வந்தேன், அது சரியில்லை, தம்புராவுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. இது பெரிய அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் வருகிற தம்பி. ஆனாலும் அந்த ட்ரியோ நல்ல குஷியானது, மூன்றாவது மூவ்மென்ட் ஹங்கேரிய ஜிப்சிகளின் ஆட்டப் பாணியில் ஓட்டமாக ஓடும், பிள்ளைக்கு அது கட்டாயம் பிடிக்கும்.

பிறகு பீத்தோவன். ஹைடனிடமே கொஞ்சக் காலம் படித்தவர். அந்த 'கோஸ்ட்' 1808இல் எழுதியது. தொடங்கும்போது மூன்று பேரும் ஒரே வரியை ஒன்றாக வாசித்து மேலே இருந்து விழுவதுபோல வருவார்கள், சட்டென்று ஒரு சுரத்தில் நின்றுவிடும். அந்த ஆர்ப்பாட்டம் அடங்கினவுடனே இனிமையான வரியை எடுப்பது யார்? செலோ. பதின்மூன்று வருடத்தில் தம்பிக்குச் சொந்தச் சட்டை கிடைத்துவிட்டது. நடு மூவ்மென்ட்தான் பேய். மிகவும் ஆறுதலான காலம், பியானோ அடியில் கடகடவென்று நடுங்கிக்கொண்டே இருக்கும், மேலே வயலினும் செலோவும் இரண்டு சொல், மூன்று சொல்லாகப் பேசும். பேய் என்ற பெயர் பீத்தோவன் வைத்ததில்லை, அவரின் மாணவர் செர்னி பல வருடத்துக்குப் பிறகு, இதைக் கேட்டால் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வருகிற ஹாம்லெட்டின் அப்பாவின் ஆவி ஞாபகம் வருகிறது என்று எழுதப்போய் ஒட்டிக்கொண்டது.

இடைவேளைக்குப் பிறகு மெண்டல்சன், 1839. முதல் வரியே செலோவுக்கு. பியானோ அடியில் படபடத்துக்கொண்டிருக்க, செலோ தனியாக, நீளமாக, ஒரு நல்ல ஆண்குரல் பாடுவதுபோலத் தொடங்கும். வயலின் காத்திருந்து பிறகுதான் வரும். ஹைடனில் இருந்து இதுவரைக்கும் 44 வருடம். சொந்தமாக ஒரு வரியும் இல்லாமல் இருந்த வாத்தியம் வீட்டுக்குப் பெரியவனான கதை ஓர் இரவில் முடிந்துவிடும். இதில் பியானோவுக்கும் வேலை அதிகம். முதலில் எழுதியதைப் பார்த்து அவரின் நண்பர் ஹில்லர், பியானோப் பகுதி பழைய மோஸ்தரில் இருக்கிறது என்று சொல்ல, மெண்டல்சன் கோபிக்காமல் இருந்து திருப்பி எழுதினார். அதனால்தான் இன்றைக்குப் பியானோக்காரர்கள் அதை வாசித்து முடித்து வியர்த்துப்போய் எழும்புகிறார்கள்.

மிருதங்கம் எங்கே என்று கேட்டீர்கள். யாரும் தாளம் போட மாட்டார்கள், முன்னால் நின்று கையசைத்து நடத்துகிறவரும் கிடையாது. வயலின்காரர் மூச்சை இழுத்துத் தலையைக் கொஞ்சம் தூக்குவார், அதுதான் எடுப்பு. பியானோக்காரர் ஓரக்கண்ணால் செலோவின் வில்லைப் பார்ப்பார். நம் மேடையில் வயலினும் மிருதங்கமும் கண்ணால் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே பேச்சுத்தான், வேகம் கூட.

சுரத்தை அசைத்து இழுக்கிற நம் கமகத்தைத் தேடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். பியானோவில் சுரம் அடித்தால் அடித்த இடத்தில் நிற்கும். தம்புராவோடு பாடிப் பழகின காதுக்குப் பியானோவின் அந்தர காந்தாரம் (மேல் 'க') சுருதியில் ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும், எனக்கு முதல் வருடம் பல் கூசியது. பியானோவால் இறங்கிவர முடியாது, ஆகவே மற்ற இரண்டு பேரும்தான் விரலை நகர்த்தி ஒத்துப்போக வேண்டும். தொடங்க முதல் பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டி இரண்டு பேரும் சுருதி சேர்ப்பதைப் பாருங்கள், கச்சேரியில் எனக்குப் பிடித்த இடங்களில் அதுவும் ஒன்று.

பக்கம்புரட்டி எழுதியது:

நாலுகம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் மேடையில் நாலாவதாக ஓர் ஆள் இருப்பதை மறந்துவிட்டார், ஒருவரும் பார்க்காத ஆள். பியானோக்காரருக்கு இடது பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து பக்கம் புரட்டுகிறவர். நான் மாணவனாக இருந்தபோது இதைத்தான் செய்தேன். கறுப்புச் சட்டை போட வேண்டும், தலையாட்டக்கூடாது, கால் தட்டக்கூடாது. எழும்பி, இடது கையால் பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்து, பியானோக்காரர் நாடியை அசைத்ததும் புரட்ட வேண்டும். ஒருநாள் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டுவிட்டது. பியானோக்காரர் கண்ணை எடுக்காமல் நாலைந்து அடியை மனப்பாடத்தில் வாசித்துக்கொண்டே வாய்க்குள் சிங்களத்தில் ஒரு சொல் சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. தாள் ஒட்டியதற்குக் காரணம் நம் ஊர்ப் புழுக்கம்.

அதே புழுக்கம்தான் பியானோவுக்கும் எமன். உள்ளே கிட்டத்தட்ட 230 கம்பி, எல்லாம் சேர்ந்து பதினைந்து, இருபது தொன் இழுவையில் ஒரு மரப்பலகையை அமத்திக்கொண்டிருக்கின்றன. ஈரம் ஏறினால் அந்தப் பலகை உப்பும், சுருதி ஏறும். ஏசி போட்டால் காய்ந்து இறங்கும். ஒரேயடியாக ஈரமாக இருப்பதைவிடப் போட்டு நிற்பாட்டுவதுதான் கூடாது. ஆகவே ஒழுங்கான மண்டபத்தில் கச்சேரியன்று காலையில் இருந்தே இரவுக்கு இருக்கப்போகிற குளிரில் ஏசியை ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் சுருதி பார்க்கிறவரைக் கூப்பிடுவார்கள். அக்கா வீடு கடற்கரைப் பக்கம் என்றால் ஒன்று சொல்கிறேன்: பிறகு ஒருநாள் பியானோ வாங்கினால் கடலைப் பார்த்த யன்னலுக்குக் கிட்ட வைக்காதீர்கள், உப்புக் காற்றுக்குக் கம்பி கறள் பிடிக்கும்.

மகளிடம் பக்கம் புரட்டுகிறவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். இப்போது சிலர் டேப்லெட் வைத்துக் காலால் மிதித்துப் பக்கம் மாற்றுகிறார்கள், அப்படியென்றால் எங்கள் தொழில் போச்சு.

கொட்டாஞ்சேனைப் பக்கம் எழுதியது:

நான் சொன்னதற்கு இவ்வளவு நீளமாகப் பதில் வரும் என்று நினைக்கவில்லை. சரி, அக்கா, நல்லதாக ஒன்று இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், நானும் யூடியூபில் கேட்டுப் பார்க்கிறேன். கேட்கிறேன் என்றால் பிடிக்கும் என்று அர்த்தமில்லை.

நாலுகம்பி எழுதியது:

அண்ணைக்கு ஹைடனை விட்டுவிட்டு ராவேல் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரைத் தருகிறேன். 1914, பிரான்ஸில் யுத்தம் தொடங்கிவிட்டது, பட்டாளத்தில் சேர வேண்டும் என்ற அவதியில் எழுதி முடித்த ட்ரியோ. அதன் இரண்டாவது மூவ்மென்டுக்கு 'பாந்தூம்' என்று பெயர் வைத்திருக்கிறார். அது மலாய்க்காரரின் 'பந்தூன்' பாட்டில் இருந்து பிரெஞ்சுக் கவிஞர்கள் எடுத்துக்கொண்ட வடிவம், ஒரு செய்யுளின் இரண்டாம், நாலாம் அடிகள் அடுத்த செய்யுளின் முதலாம், மூன்றாம் அடிகளாகத் திரும்பி வரும். நமக்கு இருக்கிற அந்தாதிக்குச் சின்னம்மா பிள்ளை. கொம்பனித்தெரு மலாய்க் குடும்பங்களின் முன்னோர் பாடியிருக்கக்கூடிய பாட்டு வடிவம் பாரிஸ் வழியாகச் சுற்றிப் பியானோவுக்குள் வந்து கிடக்கிறது. அதைத் தாளம் போட்டுக் கேட்டுப் பாருங்கள். மேலே கம்பிகள் ஒரு கணக்கில் போக, பியானோ வேறொரு கணக்கில் போகிற ஓர் இடம் வரும். மிருதங்கக்காரருக்கு அது புரியும்.

வெள்ளவத்தைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்து எழுதுகிறேன், நேற்று இரவு வரவே பத்து மணியாகிவிட்டது, நல்ல மழை.

இடது பக்கம் நடைபாதை ஓரம்தான் இருந்தோம். ஹைடன் முதல் மூவ்மென்ட் முடிந்ததும் பின்னால் யாரோ ஒருவர் சத்தமாகக் கை தட்டினார். நான் இல்லை! மகள் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள், இன்னும் இரண்டு இருக்கிறதாம். வாசித்த மூன்று பேரும் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள், அதோடு எனக்கு இருந்த பயம் பாதி போய்விட்டது.

செலோவைக் கேளுங்கள் என்று சொன்னதால் ஹைடன் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மைதான், பாவம், பியானோவின் இடது கையோடு கூடவே போகிறது. ஆனால் அந்தப் பிள்ளை, இருபத்திரண்டு வயது இருக்குமோ என்னவோ, சின்னப் பகுதியைக்கூட என்ன ஒரு கவனத்தோடு வாசித்தாள். நம் கச்சேரியில் கடம் வாசிக்கிறவர்கள் சிலரிடம் பார்த்த அதே முகம்.

பேய் வருகிற இடத்தில் மகள் நித்திரை. பயப்படுவாள் என்று நான் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் என் தோளில் சாய்ந்து குறட்டை விடுகிறாள். எனக்குத்தான் மயிர்க்கூச்செறிந்தது, பியானோ அடியில் நடுங்கத் தொடங்கினதும் ஏசிக் குளிரா அதுவா என்று தெரியவில்லை. ராகம் தெரியாமல் தாளம் தெரியாமல் ஒரு சங்கீதம் இப்படிப் பிடிக்கும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மற்றபடி எல்லாம் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன், பீத்தோவன் கடைசி மூவ்மென்டில் மனம் நாளைக்கு என்ன கறி என்று போய்விட்டது.

மெண்டல்சன் தொடங்கியபோது மகள் எழும்பிவிட்டாள். செலோ முதலில் எடுத்ததும் நிமிர்ந்து இருந்தவள் கடைசிவரை அசையவில்லை. முடிந்து எல்லோரும் எழும்பிக் கை தட்டும்போது அவள் கேட்டது, "அந்தப் பக்கம் புரட்டின அக்கா ஏன் வணக்கம் சொல்லேல்லை?" பக்கம்புரட்டி, உங்கள் தொழில் இன்னும் இருக்கிறது, ஆனால் அவர்கள் குனிந்தபோது அந்தப் பிள்ளை தாள்களை அடுக்கிக்கொண்டு நின்றாள்.

இப்போது வேறு பிரச்சினை. காலையில் இருந்து தனக்குச் செலோ வேண்டும் என்று நிற்கிறாள். கொழும்பில் பத்து வயதுப் பிள்ளைக்கு அளவான அரைச் செலோ வாடகைக்கு எங்காவது கிடைக்குமா? வீட்டுக்காரர் கேட்கிற ஒரே கேள்வி, அதை ஓட்டோவில் எப்படி ஏற்றுவது என்பதுதான்.

பக்கம்புரட்டி எழுதியது:

முதலில் ரீச்சரிடமே கேளுங்கள், படித்து வளர்ந்த பிள்ளைகளின் சின்னச் செலோ யாராவது வீட்டு அலுமாரிக்கு மேலே சும்மா கிடக்கும். வாங்க முதல் பிடிக்கட்டைகள் ஈரத்துக்கு இறுகிப்போய் இருக்கின்றனவா என்று திருகிப் பாருங்கள்.

ஓட்டோவில் ஏறும். செலோவைக் குறுக்கே சாய்த்து, பிள்ளையை உள்ளுக்கு விட்டு, நீங்கள் ஓரத்தில். வீட்டுக்காரர் பின்னால் 100ஆம் நம்பர் பஸ்ஸில் வரட்டும்.